ரத்து

நாளை போயா. மறுநாள் நத்தார்.
இரண்டு நாளும் கடை திறவாது.
மழையோ உட்துறைமுகத்தை அப்படியே தூக்கி வந்து
ஏகாம்பரம் வீதியில் ஊற்றுகிறது.

ஓட்டோவின் றெக்சீன் திரைக்குள்
என் மடியில் ஓர் ஆட்டுக்கால்.
கிண்ணியாவில் மச்சானிடம் சொல்லிவைத்து
மர்சூக் வாங்கித் தந்தது.
வெள்ளாடு இல்லை, செம்மறி.
இரண்டே முக்கால் கிலோ.

பிரான்சிலிருந்து வந்திறங்கிய மச்சாள் பிலோமின்
கொழும்பில் இருந்து குரல் அனுப்புகிறாள்:
"செம்மறிக்குச் சிவப்பு வைன்தான். கொழுப்பை வெட்டத் துவர்ப்பு வேணும்.
மருமகனுக்கு முன்னால என்னை வெட்கப்படுத்திப்போடாதை."

நான் அறிந்த வைன் ஒன்றே ஒன்று,
பூசையில் சுவாமி குடிப்பது.
நாற்பத்தாறு வருடமாய் எனக்குக்
கிண்ணத்தின் வெளிப்பக்கம்.

கடைப் பலகையில் வைன் ஸ்டோர்ஸ் என்றிருக்கிறது.
உள்ளே சாராயம், சாராயத்துக்கு மேல் சாராயம்.
அதைப் பெண்ணுக்கு விற்கக்கூடாது என்று ஒரு சட்டம்.
கூட்டுறவுச் சங்கத்தில் பதினெட்டு வருடக் கணக்கு
என் கையெழுத்தில் நிற்கிறது.
ஒரு போத்தலுக்கு என் கை செல்லாது.

"மர்சூக்," என்றேன்.
"அக்கா, ஆட்டைக் கேளுங்க, அறுத்தே தாறன்.
அந்தப் படி மட்டும் ஏறமாட்டன்."
நியாயம். கேட்டது என் பிழை.

அப்போதுதான் டொக்யார்ட் பெடியன் ஒருவன் வந்தான்.
உடுப்பு சிவில், நடை யூனிஃபோம்.
எனக்குத் தெரிந்தது கந்தோர்ச் சிங்களம்:
கடிதம் வந்தது, கடிதம் வரவில்லை, நாளை வாருங்கள்.
மல்லி, தம்பி, என்று இரண்டு மொழியிலும் கூப்பிட்டேன்.
"வைன். ரத்து."

ரத்து என்றால் அவனுக்குச் சிவப்பு.
எனக்கு
பஸ், ரயில், சோதனை, ஒருமுறை
என் தம்பியின் கலியாணம்.

தலையாட்டி உள்ளே போனான்.
மேல்தட்டில் யாரும் கேட்காத மூன்றைத்
தன் போனில் படமெடுத்து
நனைந்துகொண்டே ஓடிவந்து காட்டினான்.

ஒன்றில் கங்காரு.
ஒன்றில் பனிமலை.
மூன்றாவதில் படமே இல்லை. எழுத்து மட்டும்,
அதிலும் பாதியைப் பூச்சி அரித்திருந்தது.

துவர்ப்பு எனக்குத் தெரியும்.
வாழைப்பூ, பாக்கு, சீனி போடாத பிளேன்ரி.
ஒரு லேபிளும் அதைச் சொல்லவில்லை.
கங்காரு துள்ளுகிறது; கொழுப்பு தின்றபின் துள்ள ஆகாது.
பனிமலையைப் பார்த்தாலே தடிமன் வரும்.
படமில்லாததைத் தொட்டேன்.
தன்னை விற்க முயலாத ஒன்றை
நம்பலாம் போலிருந்தது.

மிச்சக்காசை நனையாமல் பொத்தித் தந்தான்.
"சுப நத்தலக்" என்றான்.
தனக்கு வாங்கிய காற்போத்தலை
நான் பார்க்கவில்லை என்று நினைத்து
இடுப்பில் செருகிக்கொண்டு போனான்.

நத்தாரன்று தக்கை வரமாட்டேன் என்றது.
திருகாணியும் குறடும் கொண்டு மருமகன் பிடுங்கினான்.
மணந்தான். ஏதோ நீளமாய்ச் சொன்னான்.
மச்சாள் மொழிபெயர்க்கவில்லை.
இவர் தன் கிளாசில் சோடா விட்டார்.
மிளகும் பெருஞ்சீரகமும் வழிய
எல்லோரும் காலைத் தின்றார்கள்.

இரவு பதினொன்று. சட்டி கழுவ முன்
போத்தலின் அடியில் இரண்டு விரல்.
எலும்பில் ஒட்டி ஆறிய கொழுப்பு.
குசினிக்குள் நின்றபடி
முதலில் இது, பிறகு அது.

பாக்கு. ஈர மரம். பின்னுக்கு எங்கேயோ
பழைய திறப்பொன்றை நக்கிய ருசி.
நாக்கில் கொழுப்பு இல்லை.
பிழையாக எடுக்கவில்லை.

கிளாசைக் கழுவிக் கவிழ்த்தேன்.
நாளைக்கு மர்சூக் வருவான்.
காலின் நல்ல பக்கத்தை
மேசைக்குப் போக முன்னமே வெட்டி
வேறு சட்டியில், வேறு தட்டில்,
போத்தல் நின்ற இடத்திலிருந்து தள்ளி
வைத்திருக்கிறேன்.