பாடபேதம்

மலாபா எல்லையில் லாரிகள்
வாலும் தலையுமாய்ப் பதினொரு கிலோமீட்டர்.
மொம்பாசாவில் ஏற்றிய கோதுமை
கம்பாலா சேருமுன் மூட்டைக்குள்ளேயே முளைத்துவிடும்
என்கிறான் ம்வாடிமே.
மூன்றாம் இரவாக
ஸ்டியரிங்கில் தலை சாய்த்துத் தூக்கம்.
நேற்று யாரோ முன்கண்ணாடியில் கல் விட்டார்கள்.
வியாதி டயரில் ஒட்டிக்கொண்டு வருகிறதாம்.

டொரோரோ பாறைக்குக் கீழே
தகரக்கூரை ஆய்வுக்கூடம்.
ஜெனரேட்டர் இருமும்போதெல்லாம்
அமோயித் மூச்சைப் பிடித்துக்கொள்கிறாள்:
கருவி பாதியில் நின்றால்
பன்னிரண்டு மூக்குகள் பட்ட பாடு வீண்.

முப்பதாயிரம் எழுத்து.
நான்கே எழுத்துகள், மாறி மாறி.
தன்னையே பார்த்துத் தன்னையே பெயர்த்தெழுதி
ஆள் ஆளாய்த் தாவும் அவசரக்காரன்
மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ பிழை விடுகிறான்.
அவளுக்கு வேண்டியது அந்தப் பிழைதான்.
சரியாக எழுதிய இடமெல்லாம் ஊமை.
ஏடுகளை ஒப்பிடுகிறவன்
எது எதைப் பார்த்து எழுதப்பட்டது என்று
ஒரே இடத்தில் விடுபட்ட கொம்பையும் காலையும் வைத்துப் பிடிப்பானே,
அந்த வேலை.

ம்வாடிமேயின் குழாய், 118. மூன்று பிழை.
கிகாலி போகும் சிமெண்ட் வண்டி, 121. மூன்று.
எல்டோரெட் பால் வண்டி, 130. மூன்று.
முதல் இரண்டு எல்லோருக்கும் பொது.
மூன்றாவது அவரவர் சொந்தச் சம்பாத்தியம்.

'சந்தித்தவர்கள்' என்ற கட்டத்தில்
மூன்று பேருக்கும் ஒரே கையெழுத்தில்
'யாருமில்லை'.
பொய் சொல்கிறான்கள், என்றார்
மாவட்ட அலுவலகத்திலிருந்து பேசியவர்.

அப்படியென்றால்
பொதுப் பிழை இரண்டு மட்டும் உள்ள ஒருவர்
எங்கேயாவது இருந்தாக வேண்டும்.

நள்ளிரவு தாண்டிக் கிடைத்தது.
ஊழியர் வரிசை, குழாய் 9.
ஓபெந்தி.
படிவம் நிரப்பும் குமாஸ்தா.

கண்ணாடியில் துளை சின்னது.
வெளியே எஞ்சின்கள் உறுமும்.
'யாரையெல்லாம் சந்தித்தாய்?' என்று கேட்க
முகக்கவசத்தை மோவாய்க்கு இறக்கித்
துளையில் வாய் வைப்பான்.
விளங்காமல் ஓட்டுநர்
முகத்தை ஒட்டக் கொண்டுவருவான்.
யாருமில்லை.
எழுதிக்கொள்வான், முத்திரை குத்துவான், அடுத்தவன்.
கேட்டவனை எவன் கணக்கில் சேர்ப்பான்?

சந்திப்பிழை என்றால்
இலக்கணத்தில் மட்டுமா.

ஆனால் பொறு, என்று தனக்கே சொல்லிக்கொள்கிறாள்.
கிளைப்படம் உறவு சொல்லும்; குற்றம் சொல்லாது.
ஓபெந்திக்கு அந்த இரண்டையும் எழுதிக் கொடுத்தது யார்?
ஒருவேளை ஒரு லாரிக்காரன்.
ஒருவேளை ஞாயிற்றுக்கிழமை, அவன் மைத்துனன்.
அதற்கு முந்தைய ஏடு செல்லரித்துப் போயிற்று:
அந்த வாரம் குச்சி தீர்ந்து
யாரையும் சோதிக்கவில்லை.

அறிக்கையில் எழுதினாள்:
ஒரே கொத்து. துளையை அடைத்து ஒலிபெருக்கி வைக்கவும்.
லாரி மேல் கல் எறிய இதில் ஆதாரம் இல்லை.
கடைசி வரியை அழித்தாள்.
மறுபடி எழுதினாள்.

பிறகுதான் நினைவு வந்தது,
ஐஸ் பெட்டிக்குக் கையெழுத்து வாங்க
செவ்வாய்தோறும் அந்தத் துளையில்
தானும் குனிவது.
போன செவ்வாய் ஓபெந்தி ஏதோ நகைச்சுவை சொன்னான்.
இரண்டு பேரும் நன்றாகச் சிரித்தார்கள்.

புதுக் குச்சி.
கண்ணில் நீர் வரும்வரை சுழற்றினாள்.
லேபிளில் தன் பெயர்.
சந்தித்தவர்கள்:
ஓபெந்தி என்று தொடங்கினாள்.
கட்டம் போதவில்லை,
தாளைத் திருப்பினாள்.