ரிலீஸ்

எங்கள் கோலியை விற்றுவிட்டார் முதலாளி.
பணத்துக்குக்கூட இல்லை,
ஒரு ஃப்ரீசர் வேனுக்கு.
அதுவும் பின்கதவு சாத்தாத பழைய வேன்.

சேதி வந்தபோது
கர்கூர் கூடுகளை இழுத்துக்கொண்டிருந்தோம்.
சித்ரா கரை தெரியத் தொடங்கி
போனுக்கு உயிர் வந்ததும்
சேசடிமைதான் முதலில் படித்தான்:
"கிளாட்வினுக்கு ரிலீஸ் குடுத்தாச்சு."
ஊருக்கா என்று கேட்டேன்.
"இல்ல, ஹித் டீமுக்கு."

ரிலீஸ்.
அந்த ஒரு சொல்லுக்காக நான் எழுதிக் கொடுத்த காகிதம்
ஐஸ் ஃபாக்டரி மேசையில், இரண்டாவது டிராயரில்
மூன்று வருடமாகக் கிடக்கிறது.
விசா அரபி பெயரில்,
வார்த்தை இவர் வாயில்.
கேட்காதவனுக்கு ஒரே மதியத்தில் கிடைத்தது,
சீலோடு.

முதலில் டீம் எங்களுடையது.
தலைக்கு மாதம் ஒரு தினார்.
ஒடிந்த பாய்மரக் குழாயில் போஸ்ட்.
வலை கட்ட எங்களுக்கு யார் சொல்லித்தர வேண்டும்?
பிறகு அவர் வந்தார், நாலு விளக்குக் கம்பங்களோடு.
கடல்நீலம் போய் வெள்ளை வந்தது.
தென்முனை என்ற பேர் போய்
போலார் ஐஸ் எஃப்.சி. ஆனோம்.
நாற்பத்தாறு டிகிரி வெயிலில்
நெஞ்சில் ஒரு பெங்குவினோடு ஓடினோம்.
அதையும் பொறுத்துக்கொண்டோம்,
விளக்கு நன்றாக எரிந்தது.

மருமகன் ஜோவின் வந்திறங்கி
சென்டர் ஃபார்வர்டு ஆனதையும் பொறுத்தோம்.
கோல் எந்தப் பக்கம் என்று
ஆளிடம் விசாரித்து ஓடுகிறவன் அவன்.
ஆனால் கிளாட்வின்?
நெத்திலி தப்பும் கண்ணியில்கூட
அவன் கையில் பந்து தப்பாதே.

நாலு பேர் போய்க் கேட்டோம்.
டீ வந்தது, பிஸ்கட்டும் வந்தது.
"நீங்க போடுற சத்தத்துல கரண்ட் பில் கட்ட முடியுமா?"
என்று நோட்டைத் திருப்பிக் காட்டினார்.
டீம் கணக்கு.
நாலு பக்கம் தள்ளி எங்கள் ஐஸ் கடன்
என்பது எங்களுக்குத் தெரியும்.
அவருடைய விரல் அந்தப் பக்கம் போகும் முன்
எழுந்துவிட்டோம்.
நான் பிஸ்கட் தின்றேன். பொய் சொல்வானேன்.

வள்ளத்தில் வைத்து முடிவெடுத்தோம்:
வெள்ளிக்கிழமை மூச்சு விடுவதில்லை.
விசில் இல்லை, தகரம் இல்லை,
வியாகுலத்தின் வண்டை வண்டையான வசவும் இல்லை.

எதிரில் ஹித்.
பச்சைச் சட்டையில் கிளாட்வின்.
எண்பது பேர் கயிற்றோரம் நின்று வாய்மூடியிருக்க
பந்து மண்ணில் உரசுவது கேட்டது,
ஓரத்தில் நிறுத்தியிருந்த வேனின்
ஃப்ரீசர் மோட்டார் உறுமுவது கேட்டது.

நாங்கள் நினைக்காதது ஒன்று.
கிளாட்வின் எப்போதும் போல
குறுக்குக் கம்பத்தை இரண்டு தரம் தட்டிவிட்டு
எங்களைத் திரும்பிப் பார்த்தான்.
அந்தத் தட்டலுக்கு ஒரு கூச்சல் உண்டு,
ஆறு வருடப் பழக்கம்.
யாரும் வாய் திறக்கவில்லை.
அவன் கையுறையைச் சரிசெய்துகொண்டான்.
சரியாக இருந்ததைத்தான் சரிசெய்தான்.

பிறகு மூன்று பந்துகளைப் பிடித்தான்.
ஒன்று, மேல்மூலையில்,
சேசடிமை உதட்டைக் கடித்து இரத்தம் வந்தது.
சபதம் சபதம்தான்.
பூஜ்யத்துக்கு இரண்டு, தோற்றோம்.

முதலாளி முழு ஆட்டமும் போனில் இருந்தார்.
முடிந்ததும் எங்கள் பக்கம் வந்து
"இப்படித்தான் இருக்கணும்," என்றார்,
"இன்னைக்கு எவ்வளவு ஒழுங்கா இருந்தீங்க!"

அப்புறம் வேனின் பின்கதவைக் கட்ட
கயிறு இருக்கிறதா என்று கேட்டார்.
இருந்தது.
முடிச்சை நான்தான் போட்டேன்,
இழுக்க இழுக்க இறுகுகிற முடிச்சு.
தொழில் என்று ஒன்று இருக்கிறதே.