இடது காது

சனிக்கிழமை, மதியம் இரண்டே கால்.
உப்பு லாரியைக் கிடங்கில் விட்டுவிட்டு
வெடித்த விரல்களோடு மைதானத்துக்கு நடக்கிறேன்.
இரவெல்லாம் மலைச்சாலைக்கு உப்பு இறைத்தவன்.
இந்த ஊர் வழுக்கி விழாமல் இருக்கிறதென்றால்
அதில் எனக்கும் கொஞ்சம் பங்குண்டு.
எங்கள் தடுப்பாட்டக்காரர்கள் வழுக்குவதற்கு மட்டும்
என்னிடம் உப்பில்லை.

லாரியில் இன்னும் கேசட்தான்.
பதினேழு நிமிடப் பாட்டு ஒன்று.
அதில் டிரம்ஸ் மட்டும் ஆறு நிமிடம்.
கல்லறைத் திருப்பத்தில் தொடங்கும்,
நீர்த்தேக்கம் தாண்டும்போது கிட்டார் திரும்பி வரும்.
பனி கனத்த இரவுகளில் வண்டி ஊரும்.
நீர்த்தேக்கத்துக்கு முன்பே கிட்டார் வந்துவிடும்.
மறுநாள் முழுக்க
யாருக்கோ சில்லறை பாக்கி வைத்ததுபோல் இருக்கும்.

மகள் ப்ரையனி கேட்டாள்:
"ஒன்றுமே நடக்காத ஆறு நிமிடத்தை
எப்படிப்பா உட்கார்ந்து கேட்கிறாய்?"
பதினொரு வாரமாகக் கோலே போடாத அணிக்கு
சீசன் டிக்கெட் வாங்கியவனிடம்
கேட்கிற கேள்வியா இது?

ஒலிபெருக்கி லெஸ்லி.
இளைஞர்களுக்குப் பிடித்ததைப் போடு என்று
நிர்வாகம் கடிதமே கொடுத்திருக்கிறது.
போடுவான். அணிகள் வெளியே வரும் நேரத்தில் மட்டும்
நாற்பது நொடி, பழைய கிட்டார் ஒன்றைக்
கள்ளத்தனமாக அவிழ்த்துவிடுவான்.
பாடகன் வாய் திறக்கும் முன் விசில்.
இருபத்தாறு வருடமாக முன்னிசைதான் கேட்கிறேன்.
எல்லாம் ஏற்பாடு, முடிப்பதற்கு ஆளில்லை,
எங்கள் அணியைப் போலவே.

இடது காதைப் பற்றிச் சொல்லவில்லையே.
எழுபத்தொன்பதில், ப்ராட்ஃபோர்டில்,
ஆளுயர ஸ்பீக்கருக்கு முன் இரண்டரை மணி நேரம் நின்றேன்.
அன்றிரவு அந்தக் கிட்டார்காரர் விட்டுப்போன கடைசி நோட்டு
இன்னும் என் இடது காதில் இழுத்துக்கொண்டிருக்கிறது,
கொசுவைவிட மெலிதாய், கம்பியைவிட நேராய்.
டாக்டர் அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்.
ஐலீன் எனக்கு வலப்பக்கம் படுப்பாள்.
சண்டையென்றால் மட்டும் எழுந்து சுற்றி வந்து
இடப்பக்கம் படுத்துக்கொண்டு
சொல்ல வேண்டியதையெல்லாம் அந்தக் காதில் சொல்வாள்.
முப்பது வருடக் குற்றப்பத்திரிகை அங்கே இருக்கிறது.
ஒரு வரியும் நான் படித்ததில்லை.

இன்றைக்கு எண்பத்தெட்டாவது நிமிடம்.
பூஜ்யத்துக்குப் பூஜ்யம்.
பக்கத்து இருக்கை மேவிஸ் ஓல்ட்ராய்ட்
மஞ்சள் நூலில் யாருக்கோ கையுறை பின்னுகிறாள்.
என் சிறுநீர்ப்பைக்கு அறுபத்திரண்டு வயது,
கூடுதல் நேரம் ஆடாது.
எழுந்து போனேன்.

தகரக் கூரை, பச்சைச் சுவர், நான், ஒரு ஒழுகும் குழாய்.
முதலில் இருக்கைகள் மடங்கும் சத்தம், படபடவென்று, ஆயிரமாய்.
பிறகு ஒரு அமைதி,
மூவாயிரம் பேர் ஒரே மூச்சை உள்ளே இழுத்தால்
எவ்வளவு இடம் காலியாகுமோ அவ்வளவு.
பிறகு அது வந்தது.
கேட்கவில்லை, நின்றேன் அதற்குள்.
கான்க்ரீட் வழியாகக் கணுக்காலில் ஏறி
விலா எலும்பில் தட்டியது,
அடுத்த வீட்டு பேஸ் கிட்டார் சுவரைத் தட்டுவதுபோல்.
தொட்டித் தண்ணீரில் வட்டங்கள்.
அப்போது
இடது காதில் அந்த நோட்டு இல்லை.

நாலு நொடியோ, ஐந்தோ.
பொத்தான் போடாமலே நின்றிருந்தேன்.

ஓடிவந்து கேட்டேன்: "யார் போட்டது?"
மேவிஸ் குனிந்தபடியே சொன்னாள்:
"கண்ணி ஒன்று நழுவிவிட்டது, எடுத்துக்கொண்டிருந்தேன்."
முன்வரிசை ஆள் சொன்னான், முழங்காலில் பட்டுப் போனதென்று.
இன்னொருவன் சொன்னான், எதிரணிக்காரன் முழங்கால்.

ராத்திரி ப்ரையனி போனில்:
"கோல் எப்படிப்பா இருந்தது?"
"பேஸ் தூக்கலாக இருந்தது" என்றேன்.
சிரித்தாள். வலது காதில் தெளிவாகக் கேட்டது.

செவ்வாய்க்கிழமை வெளியூர் ஆட்டம்.
போக முடியாது, பனி அறிவிப்பு வந்துவிட்டது.
ஐலீன் ஃபிளாஸ்க்கை நிரப்புகிறாள்.
கேசட்டைப் பென்சிலால் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.