குறிப்புக் கட்டம்

பதிவேட்டில் எட்டுக் கட்டங்கள்.
தேதி, பெயர், ஊர், என்ன உருப்படி, என்ன நோவு,
என்ன ஊசி, எத்தனை மில்லி.
கடைசிக் கட்டம் குறிப்பு. அகலம் ஓர் அங்குலம்.
பதினோரு வருடமாக
அதில் ஒரு கோடு கிழித்துவிட்டு அடுத்த வரிக்குப் போகிறேன்.

ராயக்கோட்டை கால்நடை மருந்தகத்தில்
மூக்கணாங்கயிறு பிடிக்கிற ஆள் நான்.

போன வருடம் ஏழு மாதம்
டாக்டர் நாற்காலி காலி.
மேசை இழுப்பறையில் பூனை மூன்று குட்டி போட்டது.
எதிர்ப் புளியமரத்தடியில்
தரகர் வேடியப்பன் பச்சைத் துண்டோடு உட்கார்ந்திருந்தார்.
வருகிற மாட்டை அவர் பார்ப்பதில்லை.
திரும்புகிற மாட்டுக்கு எழுந்து நிற்பார்.

ஓசூரிலிருந்து தனியார் டாக்டரைக் கூப்பிட்டால்
பெட்ரோலோடு ஆயிரத்து ஐந்நூறு.
தக்காளி கிலோ நாலு ரூபாய்க்குப் போன மாதம்.
பறிகூலி கழித்து எத்தனை கூடை என்று
கெம்பம்மா விரல் விட்டு எண்ணினாள்,
பாதியில் நிறுத்தினாள்.
மடி கல்லாகி, காம்பில் ரத்தம் கலந்து வந்த பசு
பக்கத்தில் நின்று அசை போட மறந்திருந்தது.

துண்டுக்குள் இரண்டு கைகள் நுழைந்தன.
விரல்கள் பேசின. வெளியே சத்தமில்லை.
குழுக்கடனில் அறுபதாயிரத்துக்கு வாங்கிய மாடு
பதினொன்றுக்குப் போனது.
மாடு போன பிறகும்
தவணை மட்டும் வாரம் தவறாமல் வீட்டுக்கு வந்தது.
அவள் மகன் பாலிடெக்னிக்கை விட்டுவிட்டு
ஓசூர் கம்பெனிக்கு ஷிப்டு போகிறான்.
காலை பஸ்ஸில் என்னைப் பார்த்தால்
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறான்.
கதவைப் பூட்டியது நானா?
சாவி என்னிடம்தான் இருந்தது.

தை பிறந்ததும் டாக்டர் பெனாசிர் வந்தார்.
முதல் வேலை, இழுப்பறைப் பூனைக்குப் புழு மருந்து.
எழுதுங்கள் என்றார்.
உரிமையாளர் பெயர்? என்றேன்.
"அரசாங்கம்."

தக்காளி மண்டியில் மூட்டை தூக்கும் திம்மராயன்
பிளாஸ்டிக் கிரேடில் நாயை வைத்துக்கொண்டு வந்தான்.
லாரி ஏறிய கால்.
வரிசையில் யாரோ சிரித்தார்கள்:
சோத்துக்கே ததிங்கிணத்தோம், நாய்க்கு டாக்டரு.
அவன் கிரேடின் விளிம்பை இன்னும் இறுக்கிப் பிடித்தான்.
மண்டி ஷெட்டில் ராத்திரி படுப்பது
அவனும் அதுவும்தான்.
கட்டுப் போட்டு முடிந்ததும் எவ்வளவு என்று
சட்டைப் பைக்குள் கைவிட்டான்.
ஒன்றுமில்லை போ என்றேன்.
கை பைக்குள்ளேயே கொஞ்ச நேரம் நின்றது.

பங்குனியில் ஒரு ராத்திரி
ஷகிலாவின் பசுவுக்குள் கன்று தலை மடங்கிக் கிடந்தது.
டார்ச் நான்.
கை டாக்டருடையது, தோள் வரைக்கும்.
கண்ணுக்குத் தெரியாத இடத்தில்
விரல்கள் ஏதோ பேசிக்கொண்டிருந்தன.
எனக்குத் துண்டு ஞாபகம் வந்தது.
இரண்டரை மணிக்குக் கன்று வெளியே வந்தது, உயிரில்லாமல்.
நாலு மணிக்குப் பசு எழுந்தது.
"தாய் இருக்கில்ல, போதும் மேடம்" என்று
டாக்டர் கையில் வெந்நீர் ஊற்றினாள் ஷகிலா.
ஊற்றும்போது அவள் கைதான் நடுங்கியது.
அடுத்த வாரம் சொசைட்டி வரிசையில்
தூக்குப்பாத்திரத்தோடு அவளைப் பார்த்தேன்.

வேடியப்பன் இப்போது வருவதில்லை.
கெட்ட மனுஷன் இல்லை,
எத்தனையோ நாள் எனக்கு டீ வாங்கித் தந்தவர்.
எந்த ஊரிலாவது
பூட்டிய கதவுக்கு எதிரே நல்ல நிழல் இருக்கும்.
துண்டை உதறிப் போட்டு உட்கார்ந்திருப்பார்.

நேற்று கெம்பம்மா வந்தாள்.
இடுப்பில் பிள்ளை மாதிரி ஒரு வெள்ளாட்டுக் குட்டி. கழிச்சல்.
தேதி எழுதினேன், பெயர், ஊர்,
மருந்து, மில்லி எல்லாம் எழுதினேன்.
கடைசிக் கட்டத்தில் கோடு போட மனம் வரவில்லை.
அவள் மகன் பெயர் நஞ்சுண்டேஸ்வரன்.
நஞ்சுண்டே வரைக்கும்தான்
இடம் இருந்தது.