வெட்டிய ஓரம்

கிம்பர்லி தெருவும் சிந்த்ரா தெருவும்
முட்டிக்கொள்ளும் முக்கில்
காலை ஏழு இருபதுக்கு
இரண்டு கடைவீடுகளின் இடுக்கு வழியே
ஒரு முழ வெயில் விழும்.
ஒன்பது நிமிடம் இருக்கும்.
பிறகு அது வெறும் ரோடு.

எதிரே காக்கி லீமாவில்
மூன்றாவது தூணோரம் நான்.
அந்த ஒரு முழத்துக்குள்
யாராவது நடந்து வர வேண்டும்.
எப்படிப்பட்ட யாராவது என்று
எனக்கே தெரியாது.
வந்தால் தெரியும் என்று
டாக்காவிலும் சொன்னேன், யாங்கோனிலும் சொன்னேன்;
ஹனோயில் அதையே சொல்லிக்கொண்டு
ஒரு மாதம் நூடுல்ஸ் தின்றேன்.

முதல் நாள் ஒரு நாய் வந்தது.
வெயிலுக்கு ஓரடி முன்னால் நின்று
யோசித்துத் திரும்பிப் போனது.
மூன்றாம் நாள்
ரொட்டி மோட்டார் ஹமீது கனி
சரியாக நடுவில் பிரேக் போட்டார்.
பின்னால் தொங்கும் பாக்கெட்டுகள் எல்லாம்
விளக்காய் எரிந்தன.
நான் அமுக்குவதற்குள்
பல் முழுக்கச் சிரித்து
இரண்டு விரலை உயர்த்திவிட்டார்.
"நல்லா வந்துச்சா?"
நல்லா வந்தது, நானா.
அதுதான் பிரச்சனை.

ஆறாம் நாள்
பள்ளிச் சீருடையில் ஒரு சீனப் பையன்,
முதுகில் அவனைவிடப் பெரிய பை.
கால் வெயிலில், தலை நிழலில்.
ஏழாம் நாள் மழை.
எட்டாம் நாள்
ஊதுபத்தி ஏற்ற வந்த பெரியவர்
என்னைக் கண்டதும்
தூணுக்கு அந்தப் பக்கம் போய்
சாமிக்கு மட்டும் முகம் காட்டினார்.
அவரை எடுக்காததையும்
ஒரு படம் எடுத்த கணக்கில் வைத்துக்கொண்டேன்.

பதினோராம் நாள்
பின்னாலிருந்து ஒரு குரல்:
"தோலோங் தெப்பி சிக்கிட், காக்."
கொஞ்சம் ஓரம் போங்க, அக்கா.

மஞ்சள் சட்டை. ஆளுயர ஈர்க்குமாறு.
நெஞ்சில் ரொஸ்னானி என்று தையல் எழுத்து.
அரை அடி நகர்ந்தேன்.
அவள் நகரவில்லை.
ஈர்க்கு நுனியால்
நான் நின்ற இடத்தைக் காட்டினாள்.

என் இரண்டு பாதம் அகலத்துக்கு
ஒரு தீவு.
சுற்றிலும் பெருக்கிய சிமெண்டு.
தீவில்
என் கோப்பிப் பொட்டலங்களின் ரப்பர் வளையங்கள்,
லென்ஸ் துடைத்த தாள்,
தொலைந்ததென்று நான் தலைமுழுகிய மூடி,
ஹமீது கனியிடம் வாங்கித் தின்ற
தேங்காய் ரொட்டியின் துகள்,
துகளுக்கு எறும்பு.

பதினோரு நாள், என்றாள்.
கோபமில்லை. எண்ணிச் சொன்னாள்.
"இந்தத் தெருவுக்கு எனக்கு இந்த நேரம்தான்.
நீங்களும் வேலையாய் நிற்கிற ஆள்,
நகரச் சொல்ல வேண்டாமென்று இருந்தேன்.
இன்றைக்கு சூப்பர்வைசர் வருகிறார்."

கூட்டி முடிக்க
ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.
மூடியை மட்டும் எடுத்து
சட்டையில் துடைத்து நீட்டினாள்.
அதற்குள் வெயில் விழுந்துவிட்டது.
அவள் அதன் குறுக்கே நடப்பாள் என்று
எனக்கு ஒரு நப்பாசை.
தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு
நிழலோரமாகவே போனாள்.
மத்தியானம் வரைக்கும் அவளுக்கு வெயில் இருக்கிறது,
முழம் போட்டு வாங்க வேண்டியதில்லை.

ராத்திரி லாட்ஜில்
இருநூற்றுப் பன்னிரண்டு படங்களையும் திறந்தேன்.
இடது ஓரம்.
இரண்டாம் நாளில் ஒரு முழங்கை.
நாலாம் நாளில் ஒரு மஞ்சள்,
பறந்துவந்த பிளாஸ்டிக் என்று நான் வெட்டியது.
நாய் எதைப் பார்த்துத் திரும்பியது என்பதும்
தெரிந்துபோனது:
விளிம்பில் ஐந்தோ ஆறோ ஈர்க்குகள்,
மங்கலாய், தரையைத் தொட்டபடி.
ஹமீது கனியின் கண்ணும்
லென்ஸுக்குக் கொஞ்சம் இடப்பக்கம்.
அந்த இரண்டு விரல்
எனக்கில்லை போலிருக்கிறது.

வெட்டியதைத் திரும்ப ஒட்டலாம்,
கணினி எதையும் தூக்கி எறிவதில்லை.
ஒட்டிப் பார்த்தேன்.
எந்தப் படமும் நல்ல படமாகிவிடவில்லை.
கொஞ்சம் அகலமானது.

பன்னிரண்டாம் நாள்
ஒரு தூண் தள்ளி நின்றேன்.
ஏழு பதினைந்துக்கு அவள் வந்தாள்.
பசியாறியாச்சா என்று மலாயில் கேட்டேன்.
பதிலுக்கு
என் காலடியைப் பார்த்தாள்.
இன்னும் எதுவும் விழவில்லை.