பதினொரு லீற்றர்

நுவரெலியாவில் கரட் ஏற்றி
விடியப்புறம் மூன்று மணிக்கு இறக்கத்தில் விடுகிறேன்.
நியூட்ரலில் போட்டால் மிச்சம் என்பான் ஜெபநேசன்.
இல்லை.
மூன்றாம் கியரில் காலெடுத்து இறங்கினால்
எஞ்சின் ஒரு சொட்டும் குடிக்காது,
பாரம் சில்லை உருட்டும்
எஞ்சின் பாரத்தைப் பிடித்துக்கொள்ளும்.
ஜெபநேசனின் பிரேக் கருகும் மணம்
எனக்கு முன்னால் ரம்பொடை வரை போகும்.

ஏற்றம் வந்தால் ஊசி பச்சையைத் தாண்டாது.
பின்னால் பஸ் கத்தும். கத்தட்டும்.
பனிக்குள் எதிர்விளக்கு மஞ்சளாய்க் கசியும்போதே
கால் தானாய் எழும்பும்.
நிற்காத லொறிக்கு
மறுபடி புறப்படும் செலவு இல்லை.

டயருக்குக் காற்று, என் காசில்.

மாத முடிவில்
நடைக்குப் பதினொரு லீற்றர் மிச்சம்.
கொப்பியை நீட்டினேன்.
முதலாளி கண்ணாடியைத் தூக்கி
இரண்டு தரம் பார்த்தார்.
"அப்ப இவ்வளவு நாளும் களவெடுத்தியா?"

அடுத்த நடைக்கு அளந்து தந்தது
பதினொரு லீற்றர் குறைய.

இன்றைக்கும் ஊசி பச்சையில்தான் நிற்கிறது.
கோபத்தில் ஒருதரம் மிதிக்கப் பார்த்தேன்,
லபுக்கலை வளைவில்.
கால் கேட்கவில்லை.