பதினான்காவது வளைவு

கொண்டலாம்பட்டியில் என் பட்டறைக்கு வரும்முன்
அந்தச் சாம்பல்நிறக் கார்
மூன்று இடங்களில் படுத்து எழுந்திருந்தது.
பேட்டரி புதுசு. ஆல்டர்னேட்டர் புதுசு.
ஈசியூ கூடப் புதுசு, நாற்பத்திரண்டாயிரம்.
ஏற்காட்டில் நைட் டியூட்டி பார்க்கும் பெலிசிட்டா
பில்களை எக்ஸ்ரே கவரில் போட்டு எடுத்து வந்தார்.

"பதினான்காவது வளைவில் மட்டும்.
முள்ளெல்லாம் பூஜ்யத்துக்கு விழும்,
இருக்கிற விளக்கெல்லாம் எரியும்,
ஸ்டியரிங் கல்லாகும்.
ஒரு மூச்சு இழுக்கிற நேரம்.
அப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி."

ஸ்கேனரைச் செருகினேன்.
என்ஜின் பேசவில்லை என்றது பிரேக்.
பிரேக் பேசவில்லை என்றது ஸ்டியரிங்.
ஏர்பேகுக்கு எல்லார் மேலும் புகார்.
பங்காளிச் சண்டையில் முதலில் வாய்திறந்தவனை
நம்பிக் கெட்டவை அந்த மூன்று பில்களும்.
எல்லாரும் ஒரே நொடியில் ஊமையானால்
பழுது யார் வாயிலும் இல்லை,
நடுவில் ஓடும் கம்பியில்.

முறுக்கிய இரண்டு கம்பி, பச்சையும் மஞ்சளும்.
அறுபது ஓம் காட்டவேண்டும்.
அறுபதுதான் காட்டியது,
என்னை ஏமாற்றவென்றே ஒரு புள்ளி பிசகாமல்.
இரண்டு நாள் ஆட்டினேன், தட்டினேன்,
ஹேர் டிரையரால் சுட்டேன், தண்ணீர் தெளித்தேன்.
சமதரையில் அது பரம சாது.

ஞாயிறு விடியலில் மலையேறினோம்.
பதினான்கு என்று எழுதிய பலகை.
விழுந்தது முள்.
நான் சிரித்துவிட்டேன். அவர் முறைத்தார்.

சக்கரத்துக்குக் கல் கொடுத்து
பேட்டரியைக் கழற்றி
மீட்டரை அவர் மடியில் வைத்தேன்:
ஒரு முனை பச்சைக் கம்பியில், மறுமுனை பாடியில்.
"கூவினால் சொல்லுங்க."
பனி பானெட்டுக்குள் இறங்கியது.
சுவர்மேல் ஒரு குரங்கு
என் ஸ்பேனருக்கு விலை பேசிக்கொண்டிருந்தது.
கம்பிக்கட்டை விரலால் சாண் சாணாகத் தடவிப் போனேன்.
ஏசி குழாயின் தாங்கிக்குப் பின்னால்,
சரிவில் என்ஜின் சாய்ந்து உரசும் இடத்தில்
"கூவுது!"
விட்டேன். "இல்லை."
தொட்டேன். "கூவுது, கூவுது!"

தோல் உரிந்து செம்பு தெரிந்தது
ஒரு ராகி மணி அளவு.
எட்டு மாதம் ஒரு மனுஷியை
இந்த வளைவில் ஜெபிக்கவைத்த ராகி மணி.

டேப் சுற்றி
கிளிப்பை இரண்டு விரற்கடை தள்ளி மாட்டினேன்.
ஏழு முறை ஏறி இறங்கிப் பார்த்தேன்.
முள் அசையவில்லை.

எட்டாவது முறை அவர் ஓட்டினார்.
பலகை தெரிந்ததும் கால் தளர்ந்தது, உதடு அசைந்தது.
எரியாத விளக்கையே பார்த்தபடி திருப்பினார்.

கதவுப் பிடியை நான் விட்டது
பதினைந்தில்.